இரண்டு ஜாதகமும் கோவளம் கடலும்

கல்பாக்கம்
9 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஞானம்பாள் எழுதுகிறேன். நானும் இவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்யாணத்தன்று நீங்கள் உட்காராமலே பந்தி விசாரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதமாகிறதே, இனியாவது உங்களோடு போனில் பேசலாமா என்று பாலாவைக் கேட்டேன். "வேணவே வேணாம்மா" என்கிறான். சாரட்டு வண்டிச் சண்டையை அவன் மறக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட்டு வேண்டும் என்று நான் சொல்ல, "குதிரைக்குப் புல்லு நானா புடுங்கிப் போடறது?" என்று நீங்கள் கேட்க, போனை வைத்த நான் பதினொரு நாள் எடுக்கவே இல்லை. கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்து பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து போட்ட சட்டம்தானே இது. அம்மாக்கள் போனில் பேசக்கூடாது, கடிதம்தான் எழுத வேண்டும். முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு இரண்டாவதைத்தான் தபாலில் போட வேண்டும். கல்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் ஒரு மணி நேரம், தபால் மூன்று நாள். என் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்பதால் எனக்கு இது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் படூர் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஸ்வாதி ரசம் வைத்தாள். நன்றாகவே இருந்தது, பருப்பு மட்டும் வேகாமல் அடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. வாஷிங் மிஷினைத் திறந்தால் உள்ளே ஒரு பிடி மணல். "எதிர்ல பில்டிங் கட்றாங்கம்மா" என்கிறான் பாலா. ஏழாவது மாடிக்கு மணல் எப்படி ஏறியது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு சின்ன வேண்டுகோள். படூரிலிருந்து கோவளம் பக்கம். சின்னஞ்சிறுசுகள் கடற்கரைக்குப் போக ஆசைப்படும். வேண்டாம் என்று ஸ்வாதியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பாலாவுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஞானம்பாள் சம்பத்

*

செங்கல்பட்டு
17 மார்ச் 2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தனகோடியின் வணக்கம். முழங்கால் ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது வலிக்கவில்லை. படூர் ஃப்ளாட்டில் லிஃப்ட் இருப்பதால் பிழைத்தேன். சம்பத் அண்ணனுக்குச் சளி விட்டதா?

எனக்கும் கடிதம் எழுதப் பிடித்திருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து இருபது வருஷமாக ஊராருக்குப் பத்திரம் எழுதுகிறேன். ஸ்வாதியின் அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது இந்தக் கைதான். ஆனால் எனக்கென்று இது எழுதியதில்லை. நடுவில் எங்கேயாவது "மேற்படி மாப்பிள்ளை" என்று வந்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கை பழகிவிட்டது.

மேற்படி மாப்பிள்ளை நேற்று இங்கே வந்து சாம்பாருக்குக் காய் நறுக்கினார். ஒரு துண்டு முருங்கைக்காயை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துப் பார்த்து நறுக்கினார். "இவர் முடிக்கறதுக்குள்ள காய் முத்திப்போயிடும்மா" என்றாள் என் பெண். இரண்டும் அதற்கே விழுந்து விழுந்து சிரித்தன.

கடற்கரை விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானே எழுத நினைத்தேன். கால்கூட நனைக்கக் கூடாது என்று ஸ்வாதியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது.

இப்படிக்கு,
தனகோடி

*

(அனுப்பாதது)

செங்கல்பட்டு
26 ஏப்ரல் 2025

சம்பந்தியம்மா,

இது கிழிக்கப் போகிற முதல் கடிதம். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

உங்கள் பிள்ளை என் பெண்ணைக் கடலில் இறக்கிவிட்டார்!

இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் படூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர் ஃப்ளாட் ஷபானாவைக் கேட்டேன். "இன்னா ஆண்ட்டி, உங்களுக்குத் தெரியாதா? சனி ஞாயிறுன்னா ரெண்டு பேரும் கோவளத்துலதான். அலை மேல பலகை போட்டு நிப்பாங்களே, சர்ஃபிங்கு, அத்த கத்துகினு கீறாங்க" என்றாள். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கரையில் ஜெபகுமார் என்று ஒருவர். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, அவர்தான் வாத்தியார். நான் அழுவதைப் பார்த்து, "இன்னாத்துக்குமா அழுதுகினு கீற? அதோ கீது பாரு உன் பொண்ணு. சூப்பரா நீச்சல் அடிக்குது. மாப்ளதான் கொஞ்சம் வீக்கு" என்றார். நான் பார்க்கும்போதே உங்கள் பிள்ளை பலகை மேல் எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, அப்படியே கவிழ்ந்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்று என் பெண் சிரித்தாள். அவள் அப்பா போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துவிட்டு, அவர்களைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

உங்களோடு சண்டை போடலாம். "கடலில் குளித்தால் என்ன கெட்டுவிட்டது?" என்று நீங்கள் கேட்டால் நான் என்ன சொல்வது? ஸ்வாதியின் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. பொருத்தம் பார்க்க உங்களுக்குக் கொடுத்தபோது அந்த வரியை விட்டுவிட்டு நானே வேறு தாளில் எழுதினேன். வில்லங்கம் உள்ள மனையை வில்லங்கமில்லை என்று எழுதச் சொல்லி வருகிறவர்களை நான் விரட்டி அடித்திருக்கிறேன். அந்த வேலையை நானே செய்துவிட்டேன். தெரிந்தால் என்னை விடுங்கள், என் பெண்ணை நீங்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பீர்கள்?

அவளைத் தடுக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

*

செங்கல்பட்டு
27 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தனகோடியின் வணக்கம். நலம், நலமறிய ஆவல். நேற்று படூர் போயிருந்தேன். வீடு பூட்டியிருந்தது, பிள்ளைகள் கோயிலுக்குப் போயிருப்பார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் கறுத்திருக்கிறார், வெயில்தான் காரணம். மாவடு போட்டிருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தனகோடி

*

(அனுப்பாதது)

கல்பாக்கம்
11 மே 2025

தனகோடி அம்மா,

வீடு பூட்டியிருந்தது என்கிறீர்கள். என் பிள்ளை கறுத்ததை எங்கே பார்த்தீர்கள்? சாவித் துவாரம் வழியாகவா? பத்திரம் எழுதுகிறவருக்குப் பொய் எழுத வரவில்லையே!

எனக்கும் தெரிந்துவிட்டது. இவரோடு வேலை பார்ப்பவரின் மகள் ஜாய்ஸ் கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகுகிறாள். "ஆண்ட்டி, இது பாலாதானே?" என்று நேற்று போனில் ஒரு படம் காட்டினாள். பலகை மேல் என் பிள்ளை. பக்கத்தில் உங்கள் பெண் கைதட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள்தான் இழுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பியில் உப்பைப் போட்டேன்.

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வேன்? பாலாவுக்குத் தண்ணீரில் கண்டம். ஜாதகத்தின் கடைசிப் பக்கம் முழுக்க அதுதான். உங்களுக்குக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன். இவருக்குக்கூடத் தெரியாது. கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் இருபத்தெட்டு வருஷமாக அவனை மணலில் விளையாடக்கூட விட்டதில்லை. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அலையில் குதிக்கும்போது இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சுண்டல் தின்பான். நெம்மேலியில் கடல் தண்ணீரையே குடிதண்ணீராக்கிக் குழாயில் விடுகிறார்கள். கடலே வீடு தேடி வருகிற காலத்தில் இவனை நான் எங்கே ஒளித்து வைப்பது?

அந்தப் படத்தில் அவன் வாயெல்லாம் பல்லாக இருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

*

கல்பாக்கம்
13 மே 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் நலம். மாவடு வந்து சேர்ந்தது, காரம் அமோகம். இவருக்கு மோர்சாதம் இரண்டு பிடி கூடுதலாக இறங்குகிறது. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவிப் பாருங்கள்.

ஸ்வாதிக்கு நீச்சல் தெரியுமா? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்,
ஞானம்பாள்

*

செங்கல்பட்டு
21 ஜூலை 2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தனகோடியின் வணக்கம். இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பதிவு அலுவலகத்தில் கூட்டம்.

நீங்கள் பெரிய மனசோடு அனுப்பியதால் தலை ஆடிக்கு ஸ்வாதியை அழைத்து வந்துவிட்டேன். இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். ஆடி முடியும்வரை புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே! நேற்று "பழைய ஃபிரண்டப் பாக்கப் போறேன்" என்று காலையில் போனவள் மாலையில் தலையெல்லாம் ஈரமாக வந்தாள். ஃபிரண்டு வீட்டில் மழையாம். செங்கல்பட்டில் வானம் பளிச்சென்று கிடந்தது.

நீச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பெண்களுக்கு அதெல்லாம் எங்கே?

இப்படிக்கு,
தனகோடி

*

செங்கல்பட்டு
4 ஆகஸ்ட் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

தனகோடியின் வணக்கம். மாப்பிள்ளைக்குத் தாடையில் இரண்டு தையல் என்றாள் ஸ்வாதி. வலி எப்படி இருக்கிறது? இது கிழிக்காத முதல் கடிதம். கிழித்தால் இரண்டாவதை எழுத எனக்குத் தைரியம் வராது.

நேற்று ஆடிப்பெருக்கு. ஊரே தண்ணீரைக் கும்பிடுகிற நாளில் இரண்டும் திருட்டுத்தனமாகக் கோவளத்தில் சந்தித்திருக்கின்றன. நீரோட்டம் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பலகை தாடையில் அடித்துக் கை நழுவிவிட்டது. ஜெபகுமார் கரையிலிருந்து ஓடி வருவதற்குள் இவள் நீந்திப் போய், அவரைத் தன் பலகையில் ஏற்றி, குறுக்கே தள்ளிக் கரை சேர்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து அழுதாள். பிறகு, "அம்மா, நான் கொண்டு வந்துட்டேன்மா" என்று சிரித்தாள்.

சிரித்த பெண்ணைப் பார்த்த பிறகு நான் இனியும் மறைக்கக் கூடாது. ஸ்வாதிக்குத் தண்ணீரில் கண்டம். அந்த வரியை எழுதாமல் விட்டது நான். அவளுக்கு அதில் பங்கில்லை. கோபத்தை என்னிடம் காட்டுங்கள். பதினொரு நாள் இல்லை, பதினொரு வருஷம் பேசாமல் இருங்கள். அவளை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

தனகோடி

*

கல்பாக்கம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தனகோடி அம்மாவுக்கு,

நலமா? இன்று முதல் கடிதத்தையே அனுப்புகிறேன்.

நேற்று பாலா தாடையில் கட்டோடு இங்கே வந்தான். நான் கேட்பதற்குள் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது வலியால் இல்லை. "அவ வந்தாம்மா. நான் கூப்பிடவே இல்ல, அவளே வந்தா" என்று நாலு தடவை சொன்னான். எப்போதும் வாய் திறக்காத இவர் எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினார்.

கண்டமுள்ள பிள்ளையை உங்கள் பெண்ணுக்குக் கட்டி வைத்தேன். அவனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை நான்தான் ஒளித்தேன். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் பயந்து பயந்து பொத்தி வளர்த்தேன். உங்கள் பெண் நீந்திப் போய்க் கொண்டுவந்தாள். எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. சாரட்டுக்குச் சண்டை போட்டதையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

ஞானம்பாள்

*

படூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இரண்டு அம்மாக்களுக்கும்,

ஸ்வாதி எழுதுகிறேன். பக்கத்தில் பாலா இருக்கிறார். ஆடியாவது ஒன்றாவது என்று நேற்றே பெட்டியோடு படூருக்கு வந்துவிட்டேன். தையல் பிரித்தாயிற்று. தாடையில் சின்னக் கோடு, அழகாகத்தான் இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் பிரஷர் எப்படி இருக்கிறது?

வியாழக்கிழமை இரண்டு கடிதங்களும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வந்தன போலிருக்கிறது. என் அம்மா என் முன்னால் கடிதத்தை நீட்டி, "இன்னாடி இது?" என்று அழுதாள். அதே நிமிஷம் அத்தை பாலாவுக்கு போன் போட்டு அழுதிருக்கிறார். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

கல்யாணமான மூன்றாம் நாள் பாலா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "உங்கிட்ட ஒண்ண மறைச்சுட்டாங்க. எனக்குத் தண்ணியில கண்டம், அம்மா எடுத்து ஒளிச்ச ஜாதகப் பக்கத்தப் பாத்துட்டேன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பயந்துவிட்டார். "எனக்குந்தாங்க" என்றேன். அம்மா அந்த வரியை விட்டுவிட்டு எழுதியதை நான் பார்த்திருந்தேன். பாலாதான் கேட்டார்: "நீ தண்ணியில விழுந்தா நான்தானே தூக்கணும்? எனக்கு நீச்சல் தெரியாதே." எனக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை ஜெபகுமார் அண்ணனிடம் போய் நின்றோம். சர்ஃபிங் பிறகு வந்த ஆசை. முதலில் போனது அதற்காகத்தான்.

உங்களிடம் சொல்லியிருந்தால் ஒரு அம்மாவை இன்னொரு அம்மாவிடம் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சாரட்டுக்கே பதினொரு நாள் என்றால் இதற்கு எத்தனை நாள் என்று பயந்தோம்.

31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் கோவளம் வரவேண்டும். வந்து பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம்.

உங்கள்,
ஸ்வாதி, பாலா

*

செங்கல்பட்டு
18 ஆகஸ்ட் 2025

என் அன்பான சம்பந்தியம்மாவுக்கு,

தனகோடியின் வணக்கம். சௌக்கியமா? அழுது அழுது உங்களுக்குத் தலைவலி என்று ஸ்வாதி சொன்னாள். சுக்குப் பற்றுப் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தையும் ஸ்வாதியின் அசல் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு, பொருத்தம் பார்த்துக் கொடுத்த அதே ஜோசியரிடம் போனேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இன்னாம்மா தனகோடி, இத்த அப்பவே காட்டியிருந்தா வேற பொருத்தமே பாத்திருக்க மாட்டேனே. செவ்வாய்க்கு செவ்வாய் சேக்கற மாதிரி, தண்ணி கண்டத்துக்குத் தண்ணி கண்டந்தான் சேக்கணும். ஒண்ண ஒண்ணு அடிச்சுடும். இந்த மாதிரி ஜோடி தேடினாலும் கிடைக்காது" என்றார்.

கேட்டீர்களா? நாம் பயந்து பயந்து மறைத்தது நம் பிள்ளைகளின் முதல் பொருத்தத்தை! திரும்பி என் இடத்துக்கு வந்து, ரோடு என்றுகூடப் பார்க்காமல் நின்று சிரித்தேன். பத்திரம் எழுத வந்த இரண்டு பேர் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

31ஆம் தேதி நான் கோவளம் வருகிறேன். நீங்கள் வராவிட்டால் கல்பாக்கத்துக்கே வந்து இழுத்துப் போவேன்.

உங்கள்,
தனகோடி

*

கல்பாக்கம்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள தனகோடிக்கு,

நான் நலம். இவரும் நலம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். மணலில் நடந்தது உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதா?

என் பட்டுப்புடவை ஓரத்தில் உப்புப் பூத்துவிட்டது. கடற்கரைக்குப் பட்டா என்று ஸ்வாதி கேட்டாள். பிள்ளை ஊர்வலத்தைப் பார்க்கப் பட்டில்லாமல் எப்படி வருவேன்? சாரட்டு இல்லாத குறை தீர அலை மேல் நிமிர்ந்து நின்று கரை வரைக்கும் வந்தானே, அவன் விழாமல் நின்றதை ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணினேன். பக்கத்துப் பலகையில் உங்கள் பெண், ஒரு கண் அலையில், ஒரு கண் அவன் மேல். அவன் கண்ணும் அப்படித்தான் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் விட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

இனி போனில் பேசிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். நான் கடிதமே எழுதுகிறேன். கிழிக்கிற வேலையில்லை என்பதால் தாளும் மிச்சம்.

ஜெபகுமார் தம்பி என்னிடம், "நீயும் கத்துக்கமா, இன்னா வயசாயிட்ச்சு உனக்கு?" என்றதை இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். தம்பி அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், உங்கள் பெயரையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. அலை வந்தபோது நான் உங்கள் கையை இறுக்கிப் பிடித்தேனே, "சம்பந்தியம்மா பயந்துட்டாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களாம். பயமெல்லாம் இல்லை. நீங்கள் தண்ணீரில் விழுந்தால் நான்தானே தூக்க வேண்டும்.

அன்புடன்,
ஞானம்பாள்